நினைவு தப்பிய நேரத்தில் நடந்ததற்கும் பொறுப்பு உண்டா?

ஆதிரை எழுதியது:

நெடுநாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் இரண்டு வழக்குகளை இங்கே வைக்கிறேன்.

1955, அமெரிக்காவின் பஃபலோ நகரம். கார் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு வலிப்பு வந்தது. வண்டி நடைபாதையில் ஏறியதில் நான்கு பள்ளிச் சிறுமிகள் இறந்தார்கள். மோதிய நேரத்தில் அவருக்கு நினைவில்லை. ஆனாலும், எந்த நேரமும் வலிப்பு வரலாம் என்று தெரிந்தே துணையில்லாமல் வண்டி எடுத்தார் என்பதால், அவர்மேல் போட்ட குற்றச்சாட்டு செல்லும் என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1956-இல் சொன்னது.

1987, கனடா. ஓர் இளைஞர் நள்ளிரவில் எழுந்து 23 கிலோமீட்டர் கார் ஓட்டிப் போய் மாமியாரைக் கொன்றார், மாமனாரைப் படுகாயப்படுத்தினார். பிறகு தானே காவல் நிலையத்துக்குப் போய், யாரையோ கொன்றுவிட்டதாக நினைக்கிறேன் என்றார். இவ்வளவும் தூக்கத்தில் நடந்தது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். நடுவர் குழு விடுதலை செய்தது. 1992-இல் கனடா உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இரண்டு பேருக்குமே அந்த நேரத்தில் தன்னுணர்வு இல்லை. ஒருவர் பொறுப்பாளி, இன்னொருவர் இல்லை. இந்த வேறுபாடு நியாயமானதுதான் என்று என் உள்ளம் சொல்கிறது. ஏன் நியாயம் என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, அறம் என்ன சொல்லவேண்டும் என்பதுதான் என் கேள்வி.

---

வழக்காடி எழுதியது:

ஆதிரை, சட்டத்தைக் கொஞ்சம் சொல்லாமல் அறத்துக்குப் போக முடியாது. மன்னிக்கவும்.

உடம்பு அசைந்தது என்பதாலேயே அது ஒருவரின் செயல் ஆகிவிடாது. என்னை யாரோ பிடித்துத் தள்ள, நான் இன்னொருவர்மேல் விழுந்து அவர் கை முறிந்தால், முறித்தவன் நான் அல்ல. தூக்கத்தில் நடப்பதும் வலிப்பும் இந்த வகையில்தான் வரும். அதோடு நின்றிருந்தால் உங்கள் முதல் ஆளும் தப்பியிருப்பார். நீதிமன்றம் மோதிய நொடியைப் பார்க்கவில்லை. அவர் வண்டிச் சாவியைத் திருகிய நொடிக்குப் போனது. அப்போது அவர் முழு நினைவோடு இருந்தார், ஆபத்தும் தெரியும், வேண்டாம் என்று இருந்திருக்கவும் முடியும். கனடா இளைஞரிடம் அப்படி ஒரு முந்தைய நொடி கிடையாது. தூங்கப் போனது மட்டும்தான்.

இது புதிய சிந்தனையும் இல்லை. ஒரு செயல் விருப்பமின்றி நடந்தது என்று சொல்ல அரிஸ்டாட்டில் இரண்டே வாசல்களைத் திறந்து வைத்தார்: வெளியிலிருந்து வந்த வலுக்கட்டாயம், அறியாமை. உடனே அறியாமையில் ஒரு தாழ்ப்பாளும் போட்டார். குடித்துவிட்டு என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்தவனுக்கு அந்த வாசல் கிடையாது, ஏனென்றால் குடிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்தது. பழைய கிரேக்க நகரமான மிட்டிலீனின் ஆட்சியாளர் பிட்டகஸ் குடிபோதையில் செய்த குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை என்றே சட்டம் வைத்தவர்.

---

மருதன் எழுதியது:

//அவர் வண்டிச் சாவியைத் திருகிய நொடிக்குப் போனது//

ஏன் அங்கே நிறுத்தவேண்டும், வழக்காடி ஐயா? இதுதான் என் கேள்வி, ஒரே கேள்வி.

சாவியைத் திருகியவர் ஏன் திருகினார்? ஆபத்தைக் குறைத்து மதிப்பிடும் சுபாவம் என்பீர்கள். அந்தச் சுபாவம் எங்கிருந்து வந்தது? பிறவியிலிருந்து, வளர்ப்பிலிருந்து. இரண்டையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. பிறகு தன்னைத் திருத்திக்கொண்டிருக்கலாமே என்பீர்கள். திருத்திக்கொள்ளும் மனம் வருவதற்கும் ஏற்கெனவே ஒரு வகையான ஆளாக இருந்தாகவேண்டும். கேலன் ஸ்ட்ராசன் என்ற தத்துவ அறிஞரின் வாதம் இதுதான்: நான் செய்வது நான் எப்படிப்பட்டவன் என்பதிலிருந்து வருகிறது, நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு நானே முழுக் காரணமாக இருக்க முடியாது, ஆகவே செய்ததற்கும் முழுப் பொறுப்பு என்னுடையதாக முடியாது.

நீங்கள் பின்னோக்கிப் போகத் தொடங்கிவிட்டீர்கள். வசதியான இடத்தில் நின்றுவிட்டு இதுதான் தொடக்கம் என்கிறீர்கள். நான் இன்னும் கொஞ்சம் போகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இதைச் சும்மா வாதத்துக்காகச் சொல்லவில்லை. தண்டனை என்ற பெயரில் மனிதர்கள்மேல் இறக்கப்படும் வலியில் பெரும்பகுதி "அவனுக்கு வேண்டும்" என்ற நினைப்பில் நிற்கிறது. அந்த நினைப்புக்கு அடித்தளமே இல்லை என்றால் அது சாதாரண விஷயம் அல்ல. ஆபத்தானவரைத் தடுத்து வையுங்கள், வண்டி உரிமத்தைப் பறியுங்கள், மருத்துவம் கொடுங்கள். வேதனைப்படட்டும் என்று மட்டும் விரும்பாதீர்கள்.

---

நியூரான் எழுதியது:

மருதன் சொன்னதற்கு ஆய்வகத்திலும் ஆதாரம் இருக்கிறது. 1983-இல் பெஞ்சமின் லிபெட் என்ற மூளை ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். விரும்பும்போது கையை அசையுங்கள், அசைக்கவேண்டும் என்று தோன்றிய கணத்தைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அசைவதற்கு அரை நொடிக்கும் மேல் முன்னதாகவே மூளையில் மின்னோட்ட மாற்றம் தொடங்கியிருந்தது. "தோன்றியது" என்று ஆட்கள் சொன்னதோ அசைவுக்குச் சுமார் 0.2 நொடி முன்னால். மூளை முடிவெடுத்த பிறகுதான் நமக்கே தகவல் வருகிறது.

இன்னொன்று, மருத்துவ இதழில் 2003-இல் வெளியானது. நாற்பது வயது ஆசிரியர் ஒருவர். அதுவரை இல்லாத பாலியல் வக்கிரம் திடீரென்று தலைதூக்கியது, குழந்தைகளை நோக்கி. கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் முன்மூளையின் அடிப்பகுதியில் பெரிய கட்டி. எடுத்ததும் அந்த உந்துதல் போய்விட்டது. சில மாதங்களில் திரும்ப வந்தது. ஸ்கேனில் பார்த்தால் கட்டியும் திரும்ப வளர்ந்திருந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி நின்றது.

இதைப் படித்த பிறகு "அவன் நினைத்திருந்தால்" என்று யாரையாவது பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

---

ஆதிரை எழுதியது:

நியூரான், உங்கள் இரண்டு எடுத்துக்காட்டுகளும் ஒரே எடையுள்ளவை அல்ல.

லிபெட் சோதனையில் எப்போது அசைத்தாலும் ஒன்றுதான். இப்போதா அப்போதா என்று யோசிக்க ஒரு காரணமும் இல்லாத அசைவு அது. பொறுப்பு என்று நாம் பேசுவது அத்தகைய செயல்களைப் பற்றி அல்ல. கடன் வாங்கியவன் திருப்பித் தருவதா ஏமாற்றுவதா என்று இரவெல்லாம் புரள்கிறானே, அதை அரை நொடிக் கணக்கு தொடவே இல்லை. அந்த மின்னோட்ட மாற்றம் முடிவுதானா என்பதே இன்று ஐயத்துக்குரியது. மூளையில் எப்போதும் இருக்கும் இயல்பான ஏற்ற இறக்கம் ஓர் எல்லையைத் தொடும்போது அசைவு நடக்கிறது, பின்னிருந்து சராசரி எடுத்தால் அது முன்கூட்டியே எழுவதுபோலத் தெரிகிறது என்று 2012-இல் ஷூர்கரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் காட்டினார்கள். லிபெட்டே கடைசி நேரத்தில் "வேண்டாம்" என்று நிறுத்தும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்று நம்பியவர்.

கட்டி விஷயம் வேறு. அதை நானும் எளிதில் கடக்க மாட்டேன். அங்கே என்னை உலுக்குவது, அந்த மனிதருக்குத் தான் செய்வது தவறு என்று தெரிந்தே இருந்தது என்பதுதான். அறிவு கெடவில்லை. தெரிந்ததற்கேற்ப நடக்கும் பிடிமானம் கெட்டிருந்தது. ஆக அரிஸ்டாட்டிலின் இரண்டு வாசல் போதாது. வெளியே இருந்து யாரும் தள்ளவில்லை, அறியாமையும் இல்லை, இருந்தும் கை மீறிப் போகிறது.

ஆனால் எல்லோர் தலையிலும் மூளை இருக்கிறது என்பதிலிருந்து எல்லோர் தலையிலும் கட்டி இருப்பதுபோல என்று தாவ முடியாதே. மூளையால் நடப்பதா இல்லையா என்று கேட்பதில் பயன் இல்லை, எல்லாமே மூளையால்தான். காரணம் சொன்னால் கேட்டு மாறக்கூடிய நிலையில் அந்த மூளை இருக்கிறதா என்று கேட்கவேண்டும்.

---

வழக்காடி எழுதியது:

ஆதிரையின் கடைசி வரிக்கு நீதிமன்றத்திலும் ஓர் இணை உண்டு. மனநிலை பிறழ்ந்து செய்தேன் என்பவரிடம், இங்கிலாந்தில் 1843-இல் வகுத்த மக்னாட்டன் விதி அறிவை மட்டும்தான் கேட்டது: செயலின் தன்மை தெரிந்ததா, தவறு என்று தெரிந்ததா? தெரிந்தும் அடக்க முடியாதவருக்கு அதில் இடமில்லை. அதனால் பல இடங்களில் வழக்குரைஞர்கள் வேறொன்றையும் கேட்டுப்பார்த்தார்கள்: பக்கத்தில் ஒரு காவலர் நின்றிருந்தால் இதைச் செய்திருப்பாரா? செய்திருக்க மாட்டார் என்றால் அடக்கும் ஆற்றல் இருந்தது என்று பொருள். குறையுள்ள சோதனைதான். சிலரால் காவலர் முன் அடக்க முடியும், தனிமையில் முடியாது. ஆனால் எதைத் தேடுகிறோம் என்பதை அது சரியாகக் காட்டுகிறது.

---

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலி. முதியோர் பிரிவில் வேலை. தத்துவம் படித்ததில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

முன்மூளை பாதிக்கும் மறதி நோய் ஒன்று இருக்கிறது. ஞாபகம் போவதற்கு முன்னாலேயே குணம் மாறிவிடும். வாழ்நாள் முழுக்க ஒரு கெட்ட வார்த்தை பேசாதவர் மகளைப் பார்த்துச் சொல்லக்கூடாததைச் சொல்வார். தட்டை முகத்தில் எறிவார். மகள் முதல் சில வாரம் எதிர்த்துப் பேசுவாள், அழுவாள், "அப்பா, என்னைப் பார்த்தா இப்படிச் சொல்றீங்க" என்பாள். பிறகு ஒரு நாள் அது நிற்கும். எறிந்த தட்டைப் பேசாமல் எடுத்துக் கழுவி வைப்பாள். எங்களைப் போலவே ஆகிவிடுவாள். எங்களுக்கு நோயாளிமேல் கோபம் வராது, வரக்கூடாது என்று பழக்கியிருக்கிறார்கள்.

மருதன் சார், நீங்கள் எல்லா மனிதரையும் அந்தக் கண்ணால் பார்க்கச் சொல்கிறீர்கள். அந்த மகளிடம் கேட்டுப்பாருங்கள். கோபம் நின்ற அன்று நிம்மதி வந்ததா, அப்பா போய்விட்டார் என்று தெரிந்ததா என்று. என்னிடம் சொன்ன எல்லோருமே இரண்டாவதைத்தான் சொன்னார்கள்.

---

ஆதிரை எழுதியது:

இரவுப்பணி அக்கா, தத்துவ அறிஞர் பீட்டர் ஸ்ட்ராசன் 1962-இல் எழுதிய கட்டுரையின் உயிர்நாடி இதுதான். ஒருவரோடு கோபித்துக்கொள்வது, நன்றி சொல்வது, மன்னிப்பது எல்லாம் அவரைச் சக மனிதராக நடத்துவதன் பகுதி. நோயாளியிடம், சிறு குழந்தையிடம் அதை நிறுத்தி வைக்கிறோம். எல்லோரிடமும் எப்போதும் நிறுத்திவைத்து வாழ முடியாது என்றார் அவர். மருதன் எடுத்துக்காட்டிய கேலன் இவருடைய மகன். தந்தையும் மகனும் இந்தக் கேள்வியின் இரு கரையில் நின்றார்கள்.

---

பழம்பாடல் எழுதியது:

இவ்வளவு தூரம் வந்துவிட்டு நம் பாண்டியனைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையைக் கவனமாகப் படியுங்கள். ஊடல் கொண்ட அரசியைத் தேடிப் போகும் அவசரத்தில் அரசன் இருக்கிறான். பொற்கொல்லன் வழிமறித்துச் சொல்கிறான். சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று கொண்டுவாருங்கள் என்று ஆணை பிறக்கிறது. ஆணையிலேயே ஒரு "ஆனால்" இருக்கிறது. விசாரணை மட்டும் இல்லை. இளங்கோ அதற்குக் காரணமும் சொல்கிறார்: "வினைவிளை காலம் ஆதலின்" அவன் "தேரானாகி" அப்படிச் சொன்னான். பழைய வினை பழுத்த நேரம், அதனால் ஆராயவில்லை.

எல்லாம் முன்காரணங்களால் தீர்மானிக்கப்பட்டவை என்னும் நியதிவாதிக்கு இதைவிட என்ன வேண்டும்? கவிஞரே அரசனுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார். அரிஸ்டாட்டிலும் ஓரளவு கொடுப்பார், கோவலன் கள்வன் அல்ல என்பது அவனுக்குத் தெரியாது. இத்தனையும் கையில் இருக்க, சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் பாண்டியன் எதையுமே எடுத்து நீட்டவில்லை. பொற்கொல்லன் பொய் சொன்னான் என்று தன் பங்கைக் குறைக்கக் கேட்கவில்லை. "பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன், யானே கள்வன்" என்கிறான். கொல்லன் வருகிறான் அந்த வரியில், ஆனால் தன்மேல் குற்றம் சொல்லத்தான் வருகிறான்: அவன் பேச்சைக் கேட்டவன் நான் என்று.

ஊழ் உருத்து வந்து ஊட்டும் என்று சொன்ன அதே காப்பியம், அரசியல் பிழைத்தவர்க்கு அறமே கூற்றாகும் என்றும் சொன்னது. இரண்டையும் ஒரே மனிதனில் வைத்துக் காட்டியது. எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. ஏன் நடந்தது என்பதற்கு ஒரு விடை, யார் அதற்குப் பதில் சொல்வது என்பதற்கு வேறொரு விடை.

---

மருதன் எழுதியது:

பழம்பாடல் ஐயா, அழகாகச் சொன்னீர்கள். ஆனால் அந்தக் காட்சி என் பக்கத்துக்கும் வலுச்சேர்க்கிறது. பாண்டியன் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டான். நான் மறுப்பது மற்றவர்மேல் சுமத்துவதை. "கெடுக என் ஆயுள்" என்று ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லலாம். அடுத்தவனைப் பற்றிச் சொல்ல நமக்கு என்ன தகுதி?

இரவுப்பணி அம்மாவுக்கு: நீங்கள் சொன்னது என்னைப் பாதித்தது. கோபம் போனால் உறவே போய்விடும் என்கிறீர்கள். வருத்தப்படலாம், மனம் உடையலாம், "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்கலாம். இவையெல்லாம் உறவுதான். அவன் வேதனைப்பட்டால்தான் கணக்குத் தீரும் என்ற நினைப்பு இல்லாமலும் இவை வாழும் என்று நம்புகிறேன்.

---

வழக்காடி எழுதியது:

எடுத்துக்கொள்வது, சுமத்துவது என்று மருதன் பிரித்தது முக்கியமானது. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவ அறிஞர் 1976-இல் ஒரு லாரி ஓட்டுநரைக் கற்பனை செய்தார். அவர்மேல் தவறே இல்லை, ஆனாலும் ஒரு குழந்தை குறுக்கே வந்து இறந்துவிடுகிறது. சுற்றியிருப்பவர்கள் "உன் தவறு இல்லை" என்று சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் அவர் "ஆமாம், என் தவறு இல்லை" என்று உடனே எழுந்து போய்விட்டால் நமக்கு அவர்மேல் ஐயம் வரும். வழியில் நின்று பார்த்தவர்போல அவர் வருந்த முடியாது. அவர் வண்டி, அவர் கை. கனடா இளைஞருக்கும் தீர்ப்பு விடுதலை கொடுத்ததே தவிர, இதிலிருந்து விடுதலை கொடுக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

மருதனோடு நான் உடன்படாத இடமும் இங்கேதான். பாண்டியன் தானே எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் கண்ணகி வந்து நின்று கேட்டாளே! "தேரா மன்னா" என்று அழைத்தாளே! அவள் கேட்காமல் போயிருந்தால் அவன் எதை எடுத்துக்கொண்டிருப்பான்? பாதிக்கப்பட்டவர் கேட்பதைச் சுமத்துவது என்று ஒதுக்கிவிட்டால், பொறுப்பு என்பது பெருந்தன்மையுள்ள குற்றவாளிகளின் தனிப்பட்ட நற்குணமாகச் சுருங்கிவிடும். ஆராயாமல் ஆணையிடும் அரசர்களில் பெரும்பாலோர் பாண்டியன் அல்ல.

நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்புக்குப் பின் வகுத்த கோட்பாடுகளில் ஒன்று, மேலதிகாரி சொன்னார் என்பது பொறுப்பை நீக்காது என்கிறது. கூடவே ஒரு நிபந்தனை: அந்த மனிதருக்கு வேறுவிதமாக நடக்க உண்மையிலேயே இடம் இருந்திருக்கவேண்டும். சட்டம் கேட்பது இவ்வளவுதான். எல்லாக் காரணங்களுக்கும் அப்பாற்பட்ட சுதந்திரத்தை அது யாரிடமும் கேட்கவில்லை.

---

கரையோரம் எழுதியது:

இத்தனை நாள் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். வழக்காடி சார் சொன்ன அந்தக் காவலர் சோதனையைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல.

எங்க அண்ணன் குடிச்சார், வருஷக்கணக்கா. ரெண்டு மாதிரி ஆளுங்க வீட்டுக்கு வருவாங்க. ஒருத்தர் "திமிரு, நாலு சாத்து சாத்தினா சரியாகும்"பார். இன்னொருத்தர் "அது நோய்ப்பா, அவர் கையில ஒண்ணும் இல்ல"ம்பார். முதல் ஆள் பேசினா அண்ணன் அன்னைக்கு அதிகமா குடிப்பார். ரெண்டாவது ஆள் பேசினாலும் அதிகமாத்தான் குடிப்பார். "டாக்டரே சொல்லிட்டாரு, என் கையில இல்லையாம்"னு.

எங்க வீட்டுல காவலர் என் பொண்ணு. அவ சின்னக் குழந்தை. அவ வர்ற சத்தம் கேட்டா அண்ணன் பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு வாயைக் கழுவுவார். அதைப் பார்த்தப்போல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வரும், சண்டை போடுவேன். அவளுக்காக மறைக்கத் தெரியுதுல்ல, அப்ப நிறுத்தவும் முடியும்னு கத்துவேன். அந்தச் சண்டையை அவர் காதுல வாங்கினார்னு இன்னைக்கும் நம்பறேன்.

அப்புறம் ஒரு காலம் வந்துச்சு, அவ எதிர்ல வந்து நின்னாலும் மறைக்கல. கை நடுங்கிக்கிட்டே ஊத்தினார். அதுக்கப்புறம் நான் சண்டை போடல. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் மறுவாழ்வு மையத்துல சேர்த்தேன்.

---

மருதன் எழுதியது:

கரையோரம், என் வாதமே அந்த இரண்டாம் காலத்து மனிதர்களை மனதில் வைத்துத்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ணாதீர்கள். முதல் காலத்திலும் அவரால் முடியாமலேயே இருந்திருந்தால்? பாட்டிலை மறைக்க மட்டும் முடிந்து, நிறுத்த முடியாமல் இருந்திருந்தால்? நீங்கள் போட்ட சண்டையெல்லாம் அநியாயம் ஆகிவிடாதா?

---

கரையோரம் எழுதியது:

இருந்திருக்கலாம் சார். இப்ப அவர் குடிக்கறதில்ல, அவர்கிட்டயே கேட்டேன். அவருக்கும் தெரியல. சில நாள் முடிஞ்சிருக்கும், சில நாள் முடிஞ்சிருக்காது, எது எதுன்னு இப்ப பிரிச்சுச் சொல்ல வரலன்னார்.

ஆனா ஒண்ணு சொன்னார். நான் சண்டையை நிறுத்தினப்ப அவர் கவனிச்சிருக்கார். "நீ திட்டலைன்னதும்தான் பயம் வந்துச்சு, இவனும் நம்மளை முடிஞ்ச கேஸ்னு எழுதிட்டான்போலன்னு நினைச்சேன்"னார். மையத்துல அவங்க செய்ததும் திட்டறதோ பரிதாபப்படறதோ இல்ல. காலையில எழுந்ததும் உட்காரவெச்சு, நேத்து என்ன நடந்துச்சு, எந்த நேரத்துல ஆசை வந்துச்சு, அப்ப என்ன செய்தீங்கன்னு அவரையே சொல்லச் சொன்னாங்க. சொல்ல முடியலன்னா நாளைக்குச் சொல்லுங்கன்னு விட்டாங்க. மறுநாள் மறக்காம திரும்பக் கேட்டாங்க.